குழு சிகிச்சை இரண்டாந்தரமா? அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்களும் இணையவழி மனநலக் குழுக்களும்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மனநல ஆலோசனை மையத்துக்கு ஓர் இந்திய மாணவர் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தூக்கம் வரவில்லை, வகுப்புக்குக் கிளம்பினால் நெஞ்சு படபடக்கிறது, இரண்டு வாரமாகச் சமைக்கக்கூட இல்லை. எதிர்முனையில் இருப்பவர் பொறுமையாக விசாரித்துவிட்டுச் சொல்கிறார்: "தனி ஆலோசனைக்குச் சில வாரம் ஆகும். குழு சிகிச்சையில் இடம் இருக்கிறது, வியாழன் மாலை, ஜூமில்." மாணவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: டாக்டர் இல்லை, கம்பவுண்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று போனை வைப்பவர் பிறகு கூப்பிடுவதில்லை.

அவருடைய கணக்கு தப்பு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஒரே சிகிச்சை முறையை ஒரே அளவு தனியாகக் கொடுத்தாலும் குழுவில் கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். கூட இருந்த அத்தனை பேரையும் ஒரே இரவில் மீனம்பாக்கத்தில் விட்டுவிட்டு வந்ததில்தான் அவருடைய துன்பத்தின் பெரும்பங்கு இருக்கிறது. அதற்கு ஆட்கள் நடுவே வைத்துச் சிகிச்சை செய்வதுதான் நேர்வழி. பல மாணவர்களுக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியதே குழுதான். ஆனால் குழுவில் யாரெல்லாம் இருக்கிறார்கள், எந்த மாநிலச் சட்டத்தின்கீழ் அது நடக்கிறது, எப்போது முடிகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அது பலிப்பதையும் வீணாவதையும் தீர்மானிக்கின்றன.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் 11,26,690 பேர். அவர்களில் 3,31,602 பேர் இந்தியர்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சீனாவை முந்தி இந்தியா முதலிடத்துக்கு வந்தது அந்த ஆண்டில்தான். இந்தியர்களில் பெரும்பாலோர் முதுகலை மாணவர்கள். இளங்கலைக்குப் போகிறவருக்கு நான்கு ஆண்டு கிடைக்கிறது, விடுதி வாழ்க்கை கிடைக்கிறது. முதுகலைக்காரருக்கு இரண்டே ஆண்டு. அதிலும் மூன்றாவது மாதத்திலேயே கோடைக்கால இன்டர்ன்ஷிப் வேட்டை தொடங்கிவிடும். ஊர் பழகுவதற்குள் படிப்பு முடிந்துவிடும்.

மாணவப் பருவமே மனநோய்கள் தலைகாட்டும் பருவம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்று 8 நாடுகளில் 19 கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்கள் 13,984 பேரிடம் விசாரித்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, மூவரில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் ஏதாவதொரு மனநலக் குறைபாட்டின் அறிகுறிகளைச் சந்தித்திருந்தார்கள். இது உள்ளூர் மாணவர்களையும் சேர்த்த கணக்கு. வெளிநாட்டு மாணவர்களிடம் கூடுதலாக இன்னொன்றைப் பார்க்கிறோம்: அவர்கள் உதவி கேட்டு வருவதில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 முதல் 2015 வரை தற்கொலை செய்துகொண்ட 27 வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி ஆராய்ந்த மரண விசாரணை அதிகாரிகள், இறப்பதற்கு முந்தைய வாரங்களில் மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்தவர்கள் உள்நாட்டு மாணவர்களைவிட இவர்களில் மிகக் குறைவு என்று கண்டார்கள்.

ஏன் வருவதில்லை என்று கேட்டால் எல்லாரும் 'சமூகக் களங்கம்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. கடனைப் பாருங்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி வழக்கமாக அடமானம் கேட்கும். வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ வங்கியில் இருக்கும்போது, "எனக்கு இங்கே முடியவில்லை" என்ற வாக்கியத்தை அம்மாவிடம் சொல்ல முடியாது. அப்படியொன்று இருப்பதைத் தன்னிடமேகூட ஒப்புக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் என்பது நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்காரும் நிகழ்ச்சியாகிவிடும். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேம்மா." அதற்குமேல் பேச்சு நகராது. விமானம் ஏறுவதற்கு முன்பே சேர்ந்த வாட்ஸ்அப் குழுக்களும் உண்டு. ஆனால் அங்கே வேலை கிடைத்தவர்தான் பேசுவார், கிடைக்காதவர் பச்சை இதயம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

விசா பயம் தனி ரகம். ஆலோசனைக்குப் போனால் விசாவில் ஏறிவிடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்கலாம்: விசாவுக்கு நிரப்பும் டிஎஸ்-160 விண்ணப்பத்தில் மனநோய் பற்றி ஒரு கேள்வி உண்டு. அது கேட்பது, தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய நோய் இருக்கிறதா என்பதைத்தான். தேர்வுப் பதற்றத்துக்கு ஆலோசகரைப் பார்த்தீர்களா என்பதை அல்ல. பல்கலைக்கழக ஆலோசனை மையம் தன் குறிப்புகளைக் குடிவரவுத் துறைக்கு அனுப்புவதும் இல்லை. உண்மையில் விசா விதி இந்த இடத்தில் மாணவருக்குச் சாதகமானது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் உடல்நலமோ மனநலமோ குன்றினால், உரிமம் பெற்ற மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ கடிதம் வாங்கி, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் முன்அனுமதியோடு பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு பட்டநிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை. இதைத் தெரியாமல் முழுச்சுமையோடு இழுத்துக்கொண்டுபோய், கடைசியில் தேறாமல் விசா நிலையை இழப்பவர்கள்தான் பரிதாபம்.

குழுவுக்குள் நடப்பது

நோயாளிகளைக் கூட்டமாக உட்காரவைத்துப் பேசும் முறை மனநல மருத்துவத்தில் பிறந்தது அல்ல. 1905-இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்கு வாரம் ஒருமுறை கூடும் ஒரு வகுப்பைத் தொடங்கினார். சானடோரியத்தில் சேர வசதியில்லாத ஏழைகள் அவர்கள். வீட்டிலேயே எப்படி ஓய்வெடுப்பது, காற்றோட்டமாக எங்கே படுப்பது என்று சொல்லிக்கொடுத்து, எடையையும் காய்ச்சலையும் தினம் குறித்துவரச் செய்தார். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் வெவ்வேறு நாட்டு வம்சாவளியும் மதமும் கொண்ட அந்த மனிதர்கள் நோய் ஒன்று என்பதாலேயே ஒட்டிக்கொண்டதையும், ஒருவருக்கு எடை ஏறினால் பக்கத்தில் இருப்பவர் முகம் மலர்ந்ததையும் பிராட் கவனித்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் நார்த்ஃபீல்ட் ராணுவ மருத்துவமனையில், மனமுடைந்த சிப்பாய்களுக்கு இதே வழி வேறு வடிவில் போனது. பிற்பாடு அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலம், குழு ஏன் குணப்படுத்துகிறது என்பதற்கான காரணிகளை வகைப்படுத்தினார். அவற்றில் வெளிநாட்டு மாணவருக்கு மிகவும் பொருந்துவது 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் உடைவது.

இன்று பல்கலைக்கழகங்களில் நடக்கும் குழுக்களில் பொதுவாக ஆறு முதல் பத்துப் பேர் இருப்பார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், முடிந்தால் இரண்டு சிகிச்சையாளர்கள். தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார்கள். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், மனப்பிறழ்வு உள்ளவர், போதைப்பொருளில் ஆழமாகச் சிக்கியவர் ஆகியோருக்கு இணையவழிக் குழு ஏற்றதல்ல; அவர்களை வேறு சிகிச்சைக்கு அனுப்புவார்கள். பல இடங்களில் ஒவ்வொரு அமர்வுக்கு முன்னும் இரண்டு சிறு படிவம் நிரப்ப வேண்டும். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9, மொத்தம் 27 மதிப்பெண்; பதற்றத்துக்கு ஏழு கேள்விகள் கொண்ட ஜிஏடி-7, மொத்தம் 21. இரண்டிலும் பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனம் தேவை. பிஎச்க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்ததா என்பது. அதில் பூஜ்யத்துக்கு மேல் எதைக் குறித்தாலும் அன்றைக்கே சிகிச்சையாளரிடமிருந்து தனியாகப் போன் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் குழுவை நடத்தும் விதத்தில் கோளாறு இருக்கிறது.

அதிகம் பயன்படுவது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. எண்ணம், உணர்வு, செயல் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அதில் எண்ணத்தையும் செயலையும் பிடித்து மாற்றலாம் என்பது அதன் அடிப்படை. புத்தகத்தில் படித்தால் சப்பென்று இருக்கும். குழுவில்தான் அதற்கு உயிர் வருகிறது. ஆராய்ச்சி மாணவி ஒருவர் சொல்கிறார்: "என் கைடு ஒரு வாரமாக மெயிலுக்குப் பதில் போடவில்லை. என்னை லேபிலிருந்து எடுத்துவிடப் போகிறார்." தனி ஆலோசனையில் சிகிச்சையாளர் இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார், மாணவி மரியாதைக்குத் தலையாட்டுவார். குழுவில் ஒரு நைஜீரிய மாணவர், "என் கைடு எட்டு வாரமாகப் பதில் போடவில்லை, இப்போதுதான் எனக்குச் சம்பளத்தை நீட்டித்திருக்கிறார்" என்று சொல்லிச் சிரிப்பார். எந்தப் பயிற்சித்தாளாலும் இதைச் செய்ய முடியாது.

மனச்சோர்வுக்குச் செயல்வழிதான் முதல் மருந்து. மனம் தெளிந்தபிறகு வெளியே போகலாம் என்று காத்திருக்காமல், சின்னதாக ஏதாவது செய்து மனத்தைப் பின்னால் வரவைப்பது. டிசம்பரில் பாஸ்டனில் மாலை நாலேகாலுக்குப் பொழுது அடங்கிவிடும். நம்மூர் உடம்புக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆகவே 'பகல் பன்னிரண்டு மணிக்கு இருபது நிமிடம் நடப்பது' என்பது அந்த வாரத்துக்கான முழு வீட்டுப்பாடமாக இருக்கலாம். அடுத்த வியாழன் செய்தீர்களா என்று ஏழு பேர் கேட்பார்கள் என்ற நினைப்பே ஆளைக் கிளப்பிவிடும். கூட்டத்தில் பேசப் பயப்படுகிறவருக்கு இன்னொரு லாபம்: குழுவே பயிற்சிக்களம். வேண்டுமென்றே ஓர் ஆங்கிலச் சொல்லைத் தப்பாக உச்சரித்துப் பார்ப்பது, பேச்சின் நடுவே நிறுத்தி மௌனமாக இருந்து பார்ப்பது ஆகியவற்றை அங்கேயே செய்துபார்க்கலாம், ஒன்றும் நடப்பதில்லை என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பூசி மெழுகக் கூடாது. சிபிடி பெரும்பாலும் மிகைப்படுத்திய பயத்தைத் திருத்துகிற முறை. பயம் நியாயமானதாக இருந்தால்? 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகளை, அவர்களின் விசா நிலையைக் கண்காணிக்கும் செவிஸ் கணினி அமைப்பிலிருந்து அமெரிக்க அரசு திடீரென நீக்கியது. பலருடைய குற்றம் பழைய போக்குவரத்து அபராதம்தான். நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகுதான் திரும்பச் சேர்த்தார்கள். அதே ஆண்டு ஜூனில், மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்றது வெளியுறவுத் துறை. இந்த நிலையில் 'என்னை அனுப்பிவிடுவார்களோ' என்பதைச் சிந்தனைப் பிழை என்று சிகிச்சையாளர் சொன்னால், மாணவர் அந்த நிமிடமே அவர்மேல் நம்பிக்கையை இழப்பார். தேர்ந்தவர்கள் இங்கே தடம் மாற்றுகிறார்கள். எது உண்மைத் தகவல், எது வாட்ஸ்அப் வதந்தி, எது என் கையில் இருக்கிறது என்று பிரிக்கவைத்து, தேவைப்பட்டால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து ஒருவரை ஓர் அமர்வுக்கு அழைக்கிறார்கள். மீதிப் பயத்தோடு தூங்கவும் படிக்கவும் பழக்குகிறார்கள். பயத்தை இல்லாமல் ஆக்குவதாக யாரும் வாக்களிப்பதில்லை.

திரை தருவதும் எடுத்துக்கொள்வதும்

2020-இல் கொரோனா வந்ததும் ஆலோசனை மையங்கள் ஒரே மாதத்தில் இணையத்துக்கு மாறின; தொற்று அடங்கிய பிறகும் குழுக்களில் கணிசமானவை அங்கேயே தங்கிவிட்டன. பனி கொட்டும் இரவில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், ஆலோசனை மையத்தின் வாசலில் தெரிந்த முகம் எதிரே வராது. இவையெல்லாம் சின்ன விஷயமில்லை. இழப்பும் இருக்கிறது. திரையில் யார் யாரைப் பார்க்கிறார் என்று தெரியாது. ஒருவர் அழுதால் டிஷ்யூ பெட்டியை நகர்த்தக்கூட வழியில்லை. குழுவின் ஒட்டுதல் எவ்வளவோ அவ்வளவுக்குப் பலனும் கூடுகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட ஒன்று. இணையத்தில் அந்த ஒட்டுதல் மெதுவாகவே வருகிறது. திரைச்சோர்வைப் பற்றி ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் சொன்ன காரணங்களில் ஒன்று, மணிக்கணக்கில் நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது. தன்னைத்தானே குறைசொல்லிக்கொண்டிருப்பவருக்கு அது கூடுதல் தண்டனை. 'செல்ஃப் வியூ'வை மறைத்துவிடுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

நம் மாணவர்களுக்கே உரிய தொல்லை வேறு. நியூஜெர்சியிலோ டாலஸிலோ இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கைந்து பேர். ஹாலில் ஒருவர் மெத்தை போட்டிருப்பார். எல்லாருக்கும் தமிழோ தெலுங்கோ தெரியும், சுவர் அட்டை மாதிரி. அங்கே உட்கார்ந்து "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று எப்படிச் சொல்வது? நூலகத்தில் பூட்டிக்கொள்ளும் படிப்பறையை அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பதிவு செய்யலாம். நண்பரின் காரை வாங்கி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பேசுபவர்களும் உண்டு. இணையக் குழு விதிகளில் ஹெட்போனும் தனி அறையும் கட்டாயம் என்று ஒற்றை வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தனி அறையை ஏற்பாடு செய்து தருவதும் தன் வேலை என்று நினைக்கும் பல்கலைக்கழகம்தான் உண்மையில் இந்தச் சேவையைத் தருகிறது.

அடுத்த கேள்வி: தமிழ் மாணவர்கள் மட்டும் சேர்ந்த குழு வைத்தால் நல்லதில்லையா? பேச்சு சுலபமாக வரும், கடனும் அக்கா கல்யாணமும் விளக்கவுரை இல்லாமல் புரியும். ஆனால் நம் உலகம் சின்னது. மூன்றாவது அமர்வில், திரையில் இருப்பவர் பெரியப்பா மகனின் அறைத்தோழர் என்று தெரியவரும். சிகிச்சையாளர் ரகசியம் காக்கச் சட்டத்தால் கட்டுப்பட்டவர். தற்கொலை ஆபத்து, குழந்தைமீதான கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள்தான் உண்டு. குழுவில் இருக்கும் மற்ற மாணவர்களைக் கட்டுவது அவர்கள் கொடுத்த வாக்கு மட்டுமே. எனவே என் விருப்பம் பல நாட்டுக் குழு. கானா, வியட்நாம், பிரேசிலிலிருந்து வந்தவர்களோடு உட்கார்ந்தால் யாரும் ஊருக்குத் தகவல் சொல்ல முடியாது. குடும்பக் கடனும் விசா பயமும் நம் சாதிக்கும் ஊருக்கும் மட்டும் உரியவை அல்ல என்பதும் அங்கேதான் தெரியும். ஆங்கிலத்தில் மனம் திறக்கவே முடியாதவருக்குத் தமிழ்க்குழு வேண்டும்தான்; அப்போது வேறுவேறு மாநிலங்களிலிருந்து ஆட்களைச் சேர்ப்பது நல்லது.

அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் உளவியலாளரின் உரிமம் மாநிலவாரியானது. சிகிச்சை நடக்கும் இடம் என்று சட்டம் பார்ப்பது பொதுவாக நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலத்தை. ஒவ்வோர் அமர்விலும் "இப்போது எங்கே இருக்கிறீர்கள், முகவரி சொல்லுங்கள்" என்று கேட்பது அவசர உதவி அனுப்புவதற்கு மட்டுமல்ல, இதற்காகவும்தான். சைபேக்ட் என்ற மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன; அதில் உரிய அனுமதி பெற்ற உளவியலாளர் எல்லை தாண்டித் தொலைவழிச் சிகிச்சை தரலாம். 2024 நிலவரப்படி கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் இல்லை. நம் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போகிறார்கள்? பலர் கலிஃபோர்னியாவுக்கு. ஓஹயோவில் ஜனவரியிலிருந்து பழகிய குழுவை மே மாதம் அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். விடுமுறைக்குச் சென்னை வந்தாலும் கதை அதுவே.

சென்னையிலிருந்தபடியே அமெரிக்க மாணவர்களுக்குக் குழு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நியூயார்க்கில் சனி இரவு ஒன்பதரை என்றால் கோடையில் இங்கே ஞாயிறு காலை ஏழு, நேரம் பொருந்திவருகிறது. கட்டணமும் குறைவு. ஆனால் அங்குள்ள உரிமம் இல்லாதபோது அதை ஆதரவுக் குழு என்று சொல்லலாமே ஒழிய சிகிச்சை என்று சொல்வது சரியல்ல. நடத்துபவர் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு உண்டா என்று பார்க்க வேண்டும். நள்ளிரவில் ஒரு மாணவர் ஆபத்தில் இருந்தால் மயிலாப்பூரிலிருந்து அமெரிக்க போலீஸையோ ஆம்புலன்ஸையோ எப்படி வரவழைப்பார் என்று நேரடியாகவே கேட்கலாம். மனநல நெருக்கடியில் அழைக்க வேண்டிய எண், மாணவர் அமெரிக்காவில் இருந்தால் 988, இந்தியாவில் இருந்தால் டெலி-மானஸ் 14416. இரண்டும் இருபத்துநாலு மணி நேர இலவச எண்கள்.

பட்டம் வாங்கிய மறுநாள்

இந்த ஏற்பாடு முழுவதிலும் எனக்கு மிகவும் உறுத்தும் இடம் படிப்பு முடியும் கட்டம். ஆலோசனை மையத்தின் சேவை பெரும்பாலும் பதிவில் இருக்கும் மாணவர்களுக்கு மட்டும். பட்டம் வாங்கியதும் குழுவும் போய்விடும். அதே சமயம் ஓபிடி எனப்படும் வேலைப்பயிற்சி அனுமதியின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது: அந்த 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் விசா நிலை போய்விடும். பொதுத்துறை வங்கிக் கடனில் பெரும்பாலும் படிப்பு முடிந்து ஓராண்டுதான் அவகாசம், அதன் பிறகு தவணை. பதற்றம் உச்சிக்கு ஏறுகிற மாதத்தில், பழகிய ஏழு முகங்களும் சேர்ந்தே மறைகின்றன. ஆயிரம் டாலர் கணக்கில் கட்டணம் வாங்கிய பல்கலைக்கழகங்கள் வேலை கிடைக்கும்வரை இன்னும் மூன்று மாதம் ஒரு ஜூம் குழுவை நீட்டித்தால் குடிமுழுகிப் போகாது. சட்டச் சிக்கல் இருக்கும் மாநிலங்களில் அதை முன்னாள் மாணவர்களின் சக ஆதரவுக் குழுவாகவாவது நடத்தலாம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த 'பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' முறை ஐந்தே அமர்வுகள் கொண்டது, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே நடத்தக்கூடியது. அதன் குழு வடிவம் பாகிஸ்தானின் ஸ்வாட் பகுதிப் பெண்களிடம் பலன் தந்ததை 2019-இல் லான்செட் வெளியிட்டது. அங்கே முடிந்தது அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தில் முடியாதா?

அதுவரை மாணவர் தன் பக்கத்தில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. புதியவர்களைச் சேர்க்காத மூடிய குழுக்களுக்கு ஆள் எடுப்பது பருவத்தின் முதல் சில வாரங்களில் முடிந்துவிடும்; கடைசிப் பருவத்தில் போய்க் கதவைத் தட்டுவதைவிட அதற்கு முந்தைய பருவத்திலேயே சேர்ந்துவிடுவது நல்லது. முதல் போனிலேயே "நான் மே மாதம் பட்டம் வாங்குகிறேன், அதற்குப் பிறகு என்ன?" என்று கேட்டுவிட வேண்டும். பல மையங்களில் கேஸ் மேனேஜர் என்று ஒருவர் இருப்பார். காப்பீட்டில் அடங்கும் வெளிச் சிகிச்சையாளரையும் குழுக்களையும் தேடித் தருவது அவர் வேலை. மாணவர் காப்பீடு பல இடங்களில் ஜூலை, ஆகஸ்டில் காலாவதியாகும் என்பதால் அந்தத் தேடலை மார்ச்சிலேயே தொடங்கினால்தான் கைகொடுக்கும்.